இறக்கத்தில் இரண்டாம் கியர்

ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் மலை பார்க்கக் கூட்டிப்போக வேண்டும். சுவிஸின் ஊஸ்டரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் அது எழுதாத சட்டம். போன கோடையில் மனைவியின் தமையனும் அவருடைய மனைவியும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். எங்கள் இரண்டு பிள்ளைகளோடு மொத்தம் ஆறு பேர். எங்கள் காரில் அடங்க முடியாது என்பதால் ஏழு இருக்கை வான் ஒன்றை ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுத்தேன். அது ஓட்டோமற்றிக். அதுவரை நான் ஓட்டியதெல்லாம் மானுவல்.

முதல் சிக்னலிலேயே அதன் பலனைக் கண்டேன். இடது கால் தன் பாட்டில் கிளச்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதித்துவிட்டது. எல்லோருடைய தலையும் முன்னுக்கு வந்து போனது. பக்கத்து இருக்கையில் இருந்த மனைவியின் தமையன் சிரித்தார்.

"என்ன தம்பி, எங்களை இறக்கி விடப் போறியோ?"

அதற்குப் பிறகு இடது காலைப் பின்னுக்கு இழுத்து, குதிக்காலை இருக்கையோடு ஒட்டி வைத்துக்கொண்டேன்.

அவர் ஊரில் முப்பது வருடமாக வாடகைக்கு ஆட்களை ஏற்றி ஹயரிங் வான் ஓட்டுகிறவர். நான் நாற்பத்துமூன்று வயதில், இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் லைசென்ஸ் எடுத்தவன். வாகன விஷயத்தில் அவர் ஒன்று சொன்னால் நான் மறுத்ததில்லை. வேறு விஷயங்களிலும் அப்படித்தான். என் கலியாணத்தைப் பேசி முடித்தவரே அவர்தான்.

கிளவுசன் கணவாயில் ஏறும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. உச்சியில் படம் எடுத்தோம். என் மனைவி கட்டிக்கொண்டு வந்த ரோல்ஸைத் தின்றோம். பிறகு மறுபக்கம் இறங்கத் தொடங்கினேன். தெரு ஒடுக்கம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரத்துக்குக் கல் நட்டிருக்கும். அதற்கு அப்பால் வெறும் வெளி. இரண்டு வளைவு தாண்டியிருப்போம். அவர் என் கையைப் பார்த்தார்.

"இறக்கத்தில ஏன் எண்ணெயை எரிக்கிறாய்? நியூற்றலில விடு. தானா உருளும்."

எனக்கு வாகனம் ஓட்டப் பழக்கிய சுவிஸ்காரர், எந்தக் கியரில் ஒரு மலையை ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று சொல்லித் தந்திருந்தார். என்னுடைய காரில் அப்படித்தான் இறங்குவேன். இந்த வானில் அந்தக் கியர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று அவரிடம் சொல்லவும் வெட்கம். கியர்த் தடியை நியூற்றலுக்குத் தள்ளினேன்.

"அதுதான். இப்ப பார், சத்தமே இல்லை" என்றார்.

உண்மைதான். வான் சத்தமில்லாமல் வேகம் பிடித்தது. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தேன். பிறகு வளைவு இல்லாத இடத்திலும் மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் காலை எடுக்கவே முடியவில்லை.

"இஞ்சேருங்கோ, என்னவோ கருகி மணக்குது" என்றாள் மனைவி பின்னால் இருந்து.

"வெளியில மாட்டுச் சாணி" என்றார் தமையன்.

"மாமா, சாணி இப்பிடி மணக்காது" என்றாள் மகள்.

அடுத்த வளைவில் பிரேக் மிதி வழமையைவிடக் கீழே போனது. அதற்கடுத்த வளைவில் இன்னும் கீழே. மெத்தையை மிதிப்பது போல இருந்தது. வான் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. என் முதுகு நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டது. யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் கத்துவார்கள், கத்தினால் கை பிசகும் என்று பயந்தேன்.

அப்போது கீழே, கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கு அப்பாலிருந்து, தபால் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. மூன்று சுரத்தில் நீளமாக ஒலிக்கும் ஹோர்ன். மலைத் தெருவில் அந்த மஞ்சள் பஸ் வந்தால் நாங்கள்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். நிற்பதற்கு என்னிடம் பிரேக் இல்லை.

தடியை முன்னுக்கு ஓடும் டி-க்கு இழுத்தேன். எஞ்சின் லேசாக முனகியது, வேகம் குறையவில்லை. காலையில் வாடகைக் கந்தோரில் இருந்த பெண் இந்தத் தடியைப் பக்கவாட்டில் தள்ளி ஏதோ காட்டியிருந்தாள். எனக்கு விளங்கவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள் என்று கூச்சப்பட்டு, விளங்கியது போலத் தலையாட்டிவிட்டேன். இப்போது தடியை இடது பக்கம் தள்ளிப் பார்த்தேன். போனது. மேலே கூட்டல் குறி, கீழே கழித்தல் குறி. கழித்தல் பக்கம் இழுத்தேன். ஒரு பீப் சத்தம் வந்தது. கியர் விழவில்லை. வேகம் அதிகம் என்று வான் மறுத்துவிட்டது.

பிரேக்கில் மிச்சமிருந்தது எதுவோ அதை வைத்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். இருக்கையில் இருந்து எழும்புகிற மாதிரி முழுப் பாரத்தையும் போட்டு மிதித்தேன். கொஞ்சம் குறைந்தது. இழுத்தேன். விழுந்தது. எஞ்சின் பெரிதாக அலறியது.

"டேய், என்ன செய்யிறாய்! எஞ்சினை உடைக்கப் போறாய்!" தமையன் தடியைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"கையை எடுங்கோ!"

என் குரல்தான். நான் அவரிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தரம். அவர் கையை எடுத்தார். இன்னொரு தரம் இழுத்தேன். மூன்று. மறுபடியும் மிதித்து இழுத்தேன். இரண்டு. எஞ்சின் போட்ட சத்தத்தில் மகன் காதைப் பொத்திக்கொண்டான். ஆனால் வானைப் பின்னால் இருந்து யாரோ கயிறு கட்டிப் பிடித்த மாதிரி அது அடங்கியது. நடந்து போகும் வேகத்துக்கு வந்தது. வளைவுக்கு முன்னால் சரளைக்கல் கொட்டிய ஒதுக்கிடம் ஒன்று இருந்தது. அதில் ஏற்றி நிறுத்தி, தடியைப் பார்க்கிங் பி-க்குத் தள்ளினேன். பஸ் எங்களை உரசுமாப் போல் ஏறிப் போனது. சாரதி நன்றிக்குக் கையை உயர்த்தினார். எனக்குக் கையை உயர்த்த முடியவில்லை.

இறங்கிப் பார்த்தோம். முன் சில்லுகள் இரண்டிலும் புகை. தமையன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு போனார்.

"ஊத்தாதேங்கோ அண்ணை. சூட்டில பட்டா வெடிக்கும். தானா ஆறட்டும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போத்தலை மூடினார். சில்லுகளுக்கு அடியில் கல் வைத்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் புல்லில் இருந்தோம். தமையனின் மனைவி வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

புறப்படும் நேரம் தமையன் கையை நீட்டினார்.

"திறப்பைத் தா தம்பி. உனக்குக் கால் நடுங்குது. மிச்சத்தை நான் கொண்டு போறன். என்னட்டை இன்ரநாஷனல் லைசென்ஸ் இருக்கு."

கால் நடுங்கியது உண்மை. வாடகைத் தாளில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்று சாக்குச் சொல்லித் தப்பியிருக்கலாம். அது பொய்யுமில்லை. ஆனால் பிள்ளைகள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இல்லை அண்ணை. நீங்கள் ஓட்டினா நியூற்றலில விடுவியள். நான் ஏறமாட்டன். இவையளையும் ஏத்தமாட்டன்."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். தமையன் போய் முன் இருக்கையில் ஏறி பெல்ட்டைப் போட்டார்.

முதலில் ஒதுக்கிடத்துக்குள்ளேயே பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். மிதி மேலே, இறுக்கமாக நின்றது. தெருவில் இறங்கியதும் தடியைப் பக்கவாட்டில் தள்ளி இரண்டிலேயே விட்டேன். எஞ்சின் அலறிக்கொண்டே வந்தது. வளைவுக்கு முன் ஒரு தரம் இறுக்கி மிதித்து, உடனே காலை எடுப்பேன். பின்னால் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வரிசை கட்டின. ஒருவன் ஹோர்ன் அடித்தான். இடம் கிடைத்த இடத்தில் ஒதுங்கி, அவர்களைப் போகவிட்டு, மறுபடி இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் தமையனின் வலது கால் தரைப்பாயை அழுத்துவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவரும் என்னோடு சேர்ந்து பிரேக் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

லின்தால் அடிவாரத்தில் வானை நிறுத்தினேன். மற்றவர்கள் கழிப்பறையைத் தேடிப் போனார்கள். நான் முன் சில்லுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இளஞ்சூடு மட்டும்தான். திரும்பி வந்தபோது தமையன் என் இருக்கையில் இருந்தார். எஞ்சின் நின்றிருந்தது, திறப்பு மட்டும் போட்டபடியே இருந்தது.

"அந்தக் கழித்தல் எங்க இருக்கு? காட்டு பாப்பம்."

யன்னலுக்குள்ளால் கையை விட்டுக் காட்டினேன். அவர் பிரேக்கை மிதித்தபடி தடியைப் பக்கவாட்டில் தள்ளி இரண்டு தரம் கீழே இழுத்துப் பார்த்தார்.

"எங்கட பக்கம் எல்லாம் சமதரை" என்றார். "இதுக்கு அங்க வேலையில்லை."

"ஓம் அண்ணை" என்றேன்.

இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, இறங்கி மற்றப் பக்கம் போனார்.