பதினோராவது விண்ணப்பம்

1948இல் இலங்கையில் வந்த சட்டம், தேயிலைத் தோட்டத் தமிழர்களான எங்களை இந்நாட்டுக் குடிகள் அல்ல என்றது. 1949 ஆகஸ்டில் வந்த இன்னொரு சட்டம், குடிகளாக விரும்புகிறவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது. குடும்பக்காரன் என்றால் 1946 பிறப்பதற்கு முந்தைய ஏழு ஆண்டும் இங்கேயே இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். தனியாள் என்றால் பத்து ஆண்டு. இங்கே பிறந்தவன் இங்கே இருப்பதற்கு மனுப் போடுவதா என்று எங்கள் தொழிலாளர் சங்கம் கேட்டது. விண்ணப்பத்தைப் பகிஷ்கரியுங்கள் என்றது. அந்தக் கேள்வி சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். அந்தச் சரியான கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்கு நான் செய்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்போது எனக்கு வயது இருபத்தேழு. றொசல்ல ஸ்டேசனிலிருந்து ஒரு மணி நேரம் ஏறிப் போக வேண்டிய தோட்டம். ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. சங்கத்தின் தோட்டக் கிளைக்கு நான் காரியதரிசி. துணிச்சலுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். எனக்கு எழுதத் தெரியும்; எழுதியதைத் தேதி போட்டுப் பத்திரப்படுத்துவேன்; அட்டன் கடைவீதியில் கிடைத்த பத்திரிகை, புத்தகம் எதையும் விடாமல் படிப்பேன். கூட்டங்களில் பேச என்னிடம் எப்போதும் ஒரு மேற்கோள் இருந்தது.

வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நாலு காம்பிரா தள்ளி என் மனைவியின் சிற்றப்பா இருந்தார். கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை அவர் அளவுக்கு மட்டமாக வெட்ட அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. நான் மாமா என்பேன், அவர் மாப்ள என்பார். இறம்பொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வேலை செய்து, 1943 தொடக்கத்தில் எங்கள் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு வந்தவர்.

1950 பங்குனியில் ஒரு ஞாயிறு அவர் அட்டனுக்குப் போய், பெட்டிசம் எழுதுகிறவரிடம் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தார். ஒளிக்கவில்லை. நேராக என் வாசலுக்கு வந்து காகிதக் கட்டை நீட்டினார். விண்ணப்பத்தோடு மூன்று பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகளையும், பழைய தோட்டத்துத் துரை கொடுத்த கடிதத்தையும் சேர்த்து, ஒரு தாளும் நழுவிவிடக் கூடாதென்று சாக்கு நூலால் ஓரத்தைத் தைத்திருந்தார்.

"இந்த இங்கிலீசு லெட்டர கொஞ்சம் தமிழ்ல படி மாப்ள."

படித்தேன். 1929 முதல் 1942 முடிய இன்னார் என் தோட்டத்தில் இடைவிடாது வேலை செய்தார், நல்ல வேலைக்காரர், குடிப்பழக்கம் இல்லாதவர். கீழே துரையின் கையெழுத்து.

"கடைசி வரி மட்டும் பொய்யி," என்றார். "மத்ததெல்லாம் சத்தியம். தொர நல்ல மனுசன். சீமைக்குப் போகையில எல்லாருக்கும் ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போனாரு."

"மாமா, சங்கம் வேணாம்னு சொல்லுதே."

"சொல்லட்டும். நீ போராட்டம் பண்ணு, நான் மனுப் போடுறேன். ரெண்டும் ஒரே காரியத்துக்குத்தான? ஒரு மாட்ட ரெண்டு பேரு ரெண்டு பக்கத்துலேர்ந்து ஓட்டுற மாதிரி."

அப்படி இரண்டு பக்கம் கூடாது என்று பதில் சொன்னேன். ஒருவன் மனுப் போட்டாலும் நாம் எல்லோரும் அந்நியர்கள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றேன். புத்தகத்தில் படித்த வாக்கியம்தான். அவர் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, "ஒனக்கு நல்லாப் பேச வருது மாப்ள," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரக் கமிட்டியில் நான் ஒரு தீர்மானம் எழுதினேன். விண்ணப்பம் போடுகிறவர்களோடு கிளை அங்கத்தவர்கள் எவ்வித உறவும் வைத்துக்கொள்வதில்லை. ஒத்துழையாமை என்று தலைப்பிட்டேன். பீலி என்றோ, தண்ணீர் என்றோ அதில் ஒரு சொல் இல்லை. ஆனால் ஊர் விலக்கு என்றால் என்ன என்பதை எங்கள் சனத்துக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. மூன்றே நாளில் சலவைக்காரர் மாமாவின் துணியை எடுக்க மறுத்தார். முடிவெட்டுகிறவர் கத்தி மொட்டையாகிவிட்டது என்றார். காலையில் லயத்துத் தண்ணீர்க் குழாயான பீலியில் அத்தை, மாமாவின் மனைவி, குடத்தை வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடங்களை எடுத்துக்கொண்டு விலகி நின்றார்கள். அவள் தன் குடத்தை எடுத்துக்கொண்டு ஓரத்தில் போய் நின்று, எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் பிடிப்பாள். அதற்குள் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட்டு முடிந்துவிடும். பிந்திப் போனவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போட்டான் கணக்கப்பிள்ளை.

முந்திய ஆண்டுதான் இதே கமிட்டி, எல்லா லயத்தாரும் எல்லாப் பீலியிலும் தண்ணீர் எடுக்கலாம், சாதி பார்க்கக் கூடாது என்று இயக்கம் நடத்தியது. ஆறு மாதம் கத்தியும் அது நடக்கவில்லை. இது மூன்றே நாளில் நடந்தது. அந்த வித்தியாசத்தை நான் அப்போதே கவனித்தேன். கவனித்து, மக்கள் உணர்வு பெற்றுவிட்டார்கள் என்று எழுதி வைத்தேன்.

ஒரு மாலை அத்தை என் மனைவியிடம் வந்து கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஒம் புருசன்கிட்ட கேளு. நாங்க யாரு குடியக் கெடுத்தோம்? அந்த மனுசன் ராத்திரி தூங்கல. பிள்ளைங்களோட யாரும் வெளையாட வர மாட்டேங்கிறாங்க."

என் மனைவி என்னிடம் கேட்டாள். பொதுக்காரியத்தில் சொந்தம் பார்க்க முடியாது என்றேன். பல ஆண்டுகள் கழித்து, "பொதுக்காரியத்துல சொந்தத்த மட்டும்தான் பாத்தீங்க. வேற யாரு வீட்டுலயாச்சும் கை வைக்க ஒங்களால முடிஞ்சிருக்குமா?" என்றாள். அது உண்மை. பக்கத்து டிவிசனில் இரண்டு கங்காணிகள் விண்ணப்பம் போட்டது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் துணி வெளுத்துக்கொண்டுதான் இருந்தது.

சித்திரையில் மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம். விண்ணப்பப் பத்திரங்களைப் பகிரங்கமாகக் கொளுத்துவது என்று ஏற்பாடு. இந்தியாவில் அந்நியத் துணிகளைக் கொளுத்திய செய்திகளைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த ஆசை இருந்தது. அவர்கள் கொளுத்தியது அவரவர் துணியை என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. சங்கத்தின் ஜில்லாப் பிரதிநிதி ஒருவர் காரில் வந்திருந்தார். முதலில் பத்துப் பேர் வந்து போட்டார்கள். அந்தப் பத்தும் வெற்றுப் பத்திரங்கள். சும்மா கிடைத்ததென்று வாங்கி வைத்தவை. கைதட்டல் அவ்வளவாக எழவில்லை.

அப்போது மாமா கூட்டத்துக்குள்ளிருந்து வந்தார். அத்தையும் பிள்ளைகளும் பின்னால் நின்றார்கள். சனம் சட்டென்று அடங்கியது. யாரோ ஒருவன், "வாங்க பெரிய தொர," என்றான். சிரித்தார்கள். மாமா அவனைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்தார்.

"நாளைக்கு எம் பொண்டாட்டி பீலியில தண்ணி பிடிக்கலாமா?"

"தாராளமா மாமா."

"சரி. கொஞ்சம் இரு, நூல அறுத்துட்டுத் தாரேன்."

இந்த வாக்கியத்தை நான் தெளிவாகக் கேட்டேன். கூட்டத்தின் இரைச்சலில் காதில் விழவில்லை என்று சில காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. இரைச்சலே இல்லை. கடிதத்தையும் சான்றுகளையும் தனியே எடுத்துக்கொள்ள அவர் பல்லால் நூலைக் கடிக்கப் போனார். பிரதிநிதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் ஒரு நிமிடம் தாமதித்தால் மனம் மாறுகிறார் என்று நினைப்பார்கள், கூட்டம் சப்பென்று போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. காகிதக் கட்டை அப்படியே அவர் கையிலிருந்து வாங்கி நெருப்பில் போட்டேன். கனமான கட்டு, உடனே பற்றவில்லை. ஒரு குச்சியால் புரட்டிவிட்டேன். அதையும் நான்தான் செய்தேன். பெரிய கைதட்டல்.

அன்றைய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: விண்ணப்பங்கள் பதினொன்று எரிக்கப்பட்டன. ஆண்களும் பெண்களும் திரளாக வந்தனர். மழை இல்லை.

தவணை முடிய அதிக நாள் இல்லாதபோது சங்கம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. எல்லோரும் விண்ணப்பியுங்கள், ஒருவரும் தப்பக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. காரணங்கள் சொல்லப்பட்டன. முந்திய காரணங்களைப் போலவே அவையும் நன்றாக இருந்தன. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து நான் எல்லோருக்கும் எழுதினேன். என் சொந்தக் காகிதங்கள் தகரப்பெட்டியில் அடியில் பத்திரமாக இருந்தன. பகிஷ்காரம் உச்சத்தில் இருந்த நாட்களிலும் அவற்றைத் தொட எனக்குத் தோன்றியதில்லை.

மாமா வரிசையில் வந்து எதிரே உட்கார்ந்தார். பெயர், வயது எல்லாம் எழுதினேன். பழைய தோட்டத்து அத்தாட்சி என்ற இடத்தில் பேனா நின்றது.

"எழுது மாப்ள," என்றார். "ஒங் கையிலதான குடுத்தேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு பேரும் இறம்பொடைக்குப் போனோம். பஸ் மாறி, பிறகு மழையில் நடந்து, பழைய தோட்டத்து ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய கிளாக்கர் மரியாதையாகத்தான் பேசினார். தோட்டம் கைமாறியபோது தொழிலாளர் பேர் பதிந்த பழைய செக்ரோல் புத்தகங்களை வைக்க இடமில்லாமல் கழித்துவிட்டார்களாம். 1944க்கு முந்தியது ஒன்றும் இல்லை. சீமைக்குப் போன துரை இறந்துவிட்டதாகக் கேள்வி என்றார். பிறப்புச் சான்றுகளுக்கு மட்டும் நகல் கிடைத்தது. திரும்பும் வழியில் மாமா ஒரு மலையைக் காட்டி, அங்கேதான் முதன்முதல் கவ்வாத்துக் கத்தி பிடித்ததாகச் சொன்னார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார்.

1952இல் சங்கம் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடத்தியபோது எங்கள் கிளையிலிருந்து யார் போவது என்று கேட்டோம். முதலில் கை தூக்கியது மாமா. போய் உட்கார்ந்தும் வந்தார். எனக்கு ஸ்டோரில் லீவு கிடைக்கவில்லை.

அவருடைய விண்ணப்பம் விசாரணைக்கு வந்தது 1955 கடைசியில், நுவரெலியாவில். நீண்ட நாள் தெரிந்தவன் என்று சாட்சி சொல்ல என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கும் அடுத்த மாதம் விசாரணை இருந்தது. அதிகாரி கடுமையானவர் அல்ல. மொழிபெயர்ப்பாளர் மூலம் பொறுமையாகவே கேட்டார்.

"1943க்கு முன் எங்கே இருந்தீர்?"

"இறம்பொடையிலங்க."

"அதற்கு என்ன அத்தாட்சி?"

"தொர லெட்டர் குடுத்தாருங்க. எரிஞ்சு போச்சு."

"எப்படி எரிந்தது?"

மாமா என் பக்கம் திரும்பினார். எனக்கு இடம் விட்டார் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தை நான் படித்திருக்கிறேன், இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை என்று அதில் இருந்தது, அரசாங்கப் பத்திரத்தோடு சேர்த்து அதை எரித்தவன் நான்தான் என்று எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் அது விசாரணைக் குறிப்பில் ஏறும். அடுத்த மாதம் என் விண்ணப்பமும் இதே மேசைக்கு வரும். நான் தரையைப் பார்த்தேன்.

மாமா அதிகாரி பக்கம் திரும்பி, "லயத்துல தீப்பிடிச்சதுங்க," என்றார்.

எந்த ஆண்டு, எந்த லயம், தோட்டத்தில் அதற்குப் பதிவு உண்டா என்று அதிகாரி கேட்டார். மாமாவால் பொய்யை அதற்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. அதிகாரி என்னிடம், இவரை எத்தனை ஆண்டாகத் தெரியும் என்று மட்டும் கேட்டார். 1943 முதல் என்றேன். ஏழு ஆண்டுக் கணக்குக்கு அது போதாது.

விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஏற்றிருப்பார்களா என்பது தெரியாது. தெரியாது என்பது எனக்கு வசதியான சொல். பத்து ஆண்டு அதை வைத்துக் காலந்தள்ளினேன். எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. கிளையில் மாலை போட்டார்கள். 1960இல் நான் ஓட்டுப் போடப் போன பாதையோரத்து மலையில் மாமா கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

1964 அக்டோபரில் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்டு எங்கள் சனத்தை எண்ணிக்கையாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். மாமா அந்தக் கணக்கு முடியக் காத்திருக்கவில்லை. பிரஜாவுரிமை இல்லாததால் பெரிய மகனை டவுனில் ஒரு வேலைக்கும் எடுக்கவில்லை. மறு ஆண்டு தை முடிவில் அட்டனில் பெட்டிசம் எழுதுகிறவரின் பெஞ்சில் அவரைக் கண்டேன். இந்தியப் பாஸ்போட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்திருந்தால் நான் எழுதிக் கொடுத்திருப்பேன் என்பது அவருக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தேன். நகர்ந்து இடம் விட்டார்.

"இந்தியாவுல எந்த ஊரு?" என்றார் எழுதுகிறவர்.

"எங்கப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"ஜில்லாவாச்சும்?"

"திருச்சின்னு போடுங்க. எல்லாரும் அதத்தான் போடுறாங்க."

எழுதி முடித்து, தெரிந்த ஆள் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் எழுதுகிறவர். என்னைப் பார்த்தார். "இவரு ஒங்க தோட்டத்தாளுதான? படிச்சவரா இருக்காரு. இவரே போடட்டுமே."

நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன்.

"வேணாங்க," என்றார் மாமா, தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "அவருக்குச் சாட்சி சொல்லிப் பழக்கமில்ல. கடை மொதலாளியக் கேட்டுக்கிறேன்."

எழுந்து எதிர்ப்பக்கத்துத் துணிக்கடைக்குப் போனார். முதலாளி வியாபாரத்தில் இருந்ததால் படியில் நின்று காத்திருந்தார்.