சத்தம் வராத ஜன்னல்: விமான நிலைய ஹோட்டலில் ஒரு நாள்

ரன்வே தெரிகிற அறைக்கு எவ்வளவு ஆகும், நெய்வேலியிலிருந்து எப்படிப் போவது, பணத்துக்குத் தகுமா என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். எல்லாம் சொல்கிறேன். ஆனால் காபி விலையைத் திட்டிவிட்டுச் சிரிக்கிற என் வழக்கமான பதிவாக இது இருக்காது. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். "எழுது செல்வி, நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்று அவரே சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். மைன்ஸில் கன்வேயர் செக்‌ஷனில் இருக்கிறார். தோண்டிய மண்ணையும் நிலக்கரியையும் அள்ளிக்கொண்டு மைல் கணக்கில் ஓடுகிறதே பெல்ட், அதன் ஓரமாகவே நடந்து, எந்த ரோலர் தேய்ந்துவிட்டது, எங்கே பெல்ட் ஒதுங்குகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. மனிதருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே கிறுக்கு விமானம். எங்கள் பிளாக் மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தலைக்கு மேலே இரைச்சல் கேட்டால் போதும், "இவன் திருச்சிக்குப் போறான்", "இது சிங்கப்பூர்காரன், பெருசு" என்று ஆரம்பித்துவிடுவார். எங்கள் மகள் பாப்பா போனில் ஒரு ஆப்பைத் திறந்து சரிபார்ப்பாள். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும்.

அந்தப் பாப்பா இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன ஜூலையில் எங்களுக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தது. புடவை, மோதிரம் என்று எதுவும் வாங்கித் தராமல், சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் ரன்வே பக்க அறை போட்டுவிட்டாள். காலைச் சாப்பாடு, வரி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா ஒரு தடவையாவது கிட்டத்துல பாக்கட்டும்மா, எப்பப் பாத்தாலும் எறும்பு சைஸ்லதானே பாக்கறாரு" என்றாள். அவள் வாயில் சர்க்கரையைப் போடத் தோன்றியது.

அவருக்கு வார ஓய்வு செவ்வாய்க்கிழமை. அதனால் செவ்வாய் போய் புதன் திரும்புவதாகத் திட்டம். புதன் இரவு அவருக்கு சி ஷிஃப்ட், அதாவது இரவுப் பணி. ஒரு வருஷமாகவே மற்றவர்களிடம் கேட்டு வாங்கி சி ஷிஃப்ட்டாகவே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் "பகல்ல வெயிலு தாங்கல" என்பார். மைன்ஸ் வெயில் எனக்குத் தெரியாததா? நம்பினேன்.

காலை 6.40க்கு நெய்வேலி ஆர்ச் கேட்டில் பஸ் ஏறினோம். பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் வழியாக சென்னை கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போய்ச் சேர 11.30 ஆனது. சுமார் 180 கிலோமீட்டர். வழியில் பஸ் நிற்கிற ஓட்டலில் சாப்பிடாதீர்கள், நான் இட்லி கட்டிக்கொண்டு போயிருந்தேன். இறங்கும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கால் மரத்துப்போச்சு" என்றார். அஞ்சு மணி நேரம் உட்கார்ந்தால் யாருக்குத்தான் மரக்காது?

அங்கிருந்து கால் டாக்ஸி, 420 ரூபாய். ஓட்டுநர் தம்பி எங்கள் பக்கத்துக்காரர்.

"நெய்வேலிங்களா? நமக்குக் காடாம்புலியூருங்க. எந்த ஊருக்கு ஃப்ளைட்டு?"

"ஃப்ளைட்டெல்லாம் இல்ல தம்பி. ஃப்ளைட்டப் பாக்கப் போறோம்" என்றேன்.

கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் ஒரு முறை பார்த்தார். "காசு குடுத்து ரூம் போட்டா பாக்கப் போறீங்க? கொளப்பாக்கத்துல ரோட்டுல நின்னுக்கினே பாக்கலாங்களே, தலைக்கு மேலயே எறங்குவான். நம்ம வண்டியே அதிரும்" என்றார். அவர் நம்பரை வாங்கிக்கொண்டேன். வாங்கியது நல்லதாகப் போயிற்று.

அறை இரண்டு மணிக்குத்தான் தருவார்கள். நாங்கள் 12.30க்கே போய் நின்றோம், முகம் சுளிக்காமல் கொடுத்துவிட்டார்கள். ஏழாவது மாடி. அவர் லிஃப்ட் கண்ணாடியில் மோதிக்கொண்டார். அறைக்குள் விளக்குச் சுவிட்சைத் தடவித் தடவித் தேடினார். குளியலறைக் கண்ணாடிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு. "பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையப் பாத்த மாதிரி ஏங்க இப்படி" என்று கேலி வேறு செய்தேன். கம்பெனி கொடுத்த எங்கள் கோட்ரஸ் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. எந்த வீட்டுக்குப் போனாலும் சுவிட்ச் அதே இடம், பாத்ரூம் அதே இடம். அதிலேயே பழகியவர், புது இடத்தில் தடுமாறுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஜன்னலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சுவர் முழுக்கக் கண்ணாடி. கீழே புல்வெளி, அதைத் தாண்டி ரன்வே, அதில் வரிசையாக விமானங்கள். ஒன்று ஓடிக் கிளம்பும், அடுத்தது வந்து இறங்கும். சத்தம் துளிகூட இல்லை. பெட்டியைத் தூக்கி வந்த பையன் பெருமையாகச் சொன்னார்: "மூணு அடுக்குக் கண்ணாடி மேடம். பக்கத்துலயே ஏறுனாலும் உங்களுக்கு ஒண்ணும் கேக்காது. நல்லாத் தூங்கலாம்."

அவர் முகம் வாடிவிட்டது. "சுத்தமா கேக்காதா? கொஞ்சம் தொறக்க முடியாதா?" என்றார்.

"தொறக்க முடியாது சார்."

அவர் கண்ணாடியில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். "கைரேகை படியுதுங்க, எடுங்க" என்றேன். எடுக்கவில்லை. நான் "அதோ பாருங்க, கிளம்பிட்டான்" என்று காட்டும்போதெல்லாம், "ஆமா, ஆமா, பாத்தேன்" என்றார். பாப்பா கூப்பிட்டு "அப்பா எப்படிப் பாக்கறாரு?" என்று கேட்டாள். "கண்ணக்கூட எடுக்கலடி" என்றேன்.

சாப்பிட்டுவிட்டு அவர் படுத்தார். மேற்கு வெயில் கட்டிலில் அடித்தது. கட்டிலோரம் ஒரு பித்தானை அழுத்தினால் மெல்லிய வெள்ளைத் திரை தானாக இறங்குகிறது. வெளிச்சம் அப்படியே வரும், வெளியே ஒன்றும் தெரியாது. அதை இறக்கிவிட்டுக் குளிக்கப் போனேன். தொட்டியில் படுத்துக் குளிப்பது இதுவே முதல் முறை, முக்கால் மணி நேரம் ஊறினேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால், அவர் எழுந்து, நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். திரை இறங்கியபடியே இருந்தது.

"இப்பதான் ஒண்ணு எறங்குச்சு செல்வி. பெருசு, துபாய்க்காரன்னு நெனைக்கிறேன். என்னா அழகா எறங்குனான் தெரியுமா" என்றார்.

வெள்ளைத் துணியைப் பார்த்துச் சொல்கிறார். விளையாடுகிறார் என்று ஒரு நொடி நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. கல்யாண நாளில் மனைவியைச் சந்தோஷப்படுத்த நினைக்கிற மனிதனின் முகம் அது. போய்ப் பித்தானை அழுத்தினேன். திரை மேலே ஏறியது. எதிரே ஒரு விமானம் தரையை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "இடது கண்ணு முன்னாடியே போச்சு. வலது ஒண்ணரை வருஷமா கொறைஞ்சுகினே வருது. வெளிச்சம் தெரியும். ஆளு நிக்கறது நெழலாத் தெரியும்" என்றார்.

கோபம்தான் முதலில் வந்தது. அழுகை அப்புறம்தான். "ஓடற பெல்ட்டு ஓரமா நடக்கற மனுஷன்! எப்படிங்க?" என்று கத்தினேன். மூன்று அடுக்குக் கண்ணாடி, வெளியே யாருக்கும் கேட்டிருக்காது.

"பெல்ட்ட நிறுத்தறதுக்கு ஓரமா கயிறு கட்டியிருக்கும் இல்ல, நீளத்துக்கும். அதத் தொட்டும் தொடாமப் புடிச்சுக்கினு போயிடுவேன். ரோலரு கெட்டா காதுல கேக்கும். ராத்திரில எல்லாருக்கும் டார்ச்சுதானே, நான் தடுமாறுனா யாருக்குத் தெரியப்போவுது?"

சி ஷிஃப்ட் ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. மொட்டைமாடியில் அவர் இத்தனை நாள் விமானம் பார்க்கவில்லை, கேட்டார். இங்கே கேட்கவும் வழியில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வுட்டுருப்பியா? அன்ஃபிட்டுன்னு எழுதிட்டா வேலை போச்சு. கோட்ரஸ காலி பண்ணணும். பாப்பா கல்யாணம் கெடக்கு. எப்படியாச்சும் ஆறு வருஷம் ஓட்டிடலாம்னு பாத்தேன்."

ஆறு வருஷமாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆறு வருஷம்! தினமும் இரவு நான் கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸோடு அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்.

காலைச் சாப்பாட்டில் முப்பது வகை இருந்தது. நாங்கள் ஆளுக்கு ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம். காடாம்புலியூர் தம்பியை வரச்சொல்லி நேராக ஒரு கண் மருத்துவமனை. ஒன்பது மணிக்கு டோக்கன் வாங்கினால் டாக்டரைப் பார்க்கப் பன்னிரண்டரை ஆகிறது. கண் அழுத்த நோயாம். வலிக்காதாம், சொல்லாமல் கொள்ளாமல் ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருமாம். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "இடது கண் இனி வராது. வலதுல இருக்கறது ரொம்பக் கொஞ்சம். ஆபரேஷன் பண்ணி அதைக் காப்பாத்தப் பாக்கலாம். போனதைத் திருப்பித் தர யாராலயும் முடியாதுங்க. ஒண்ணரை வருஷம் முன்னாடி வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன்."

வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு மணி பஸ்ஸப் புடிச்சா சி ஷிஃப்ட்டுக்குப் போயிடலாம் இல்ல?" அந்த இடத்திலேயே அவரை அறைந்திருப்பேன். காரில் ஏறி உட்கார்ந்தேன். ஓட்டுநர் தம்பி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே, "அண்ணே, கொளப்பாக்கம் போலாங்களா? பத்து நிமிஷம்தான்" என்றார்.

ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார். இறங்கி நின்றோம். முதலில் தூரத்தில் ஒரு முனகல் கேட்டது. அவர் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. முனகல் இரைச்சலாகி, பிறகு காது அடைக்கிற அளவுக்கு ஏறியது. விமானத்தின் வயிறும் சக்கரமும் தலைக்கு மேலே போயின. டீக்கடைத் தகரம் கடகடவென்று ஆடியது. அவர் முகத்தை நன்றாக மேலே தூக்கி, வாயைத் திறந்தபடி நின்றார்.

"பெருசு! ரெண்டு எஞ்சின், அகல உடம்பு!" என்று கத்தினார்.

அண்ணாந்து பார்த்தேன். சரியாகத்தான் சொன்னார். "ஆமாங்க" என்றேன்.

இன்னும் இரண்டு இறங்கும்வரை நின்றோம். அப்புறம் போனை என்னிடம் நீட்டி, "செக்‌ஷன் நம்பரு போட்டுக் குடு" என்றார். லீவு சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"சார், இன்னிக்கு சி ஷிஃப்ட்டுக்கு வரல... இல்ல சார், லீவு இல்ல." போனை மறு காதுக்கு மாற்றினார். "எனக்குக் கண்ணு தெரியல சார். ரொம்ப நாளா தெரியல."

அடுத்த விமானம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. நிழல் இன்னும் நிழலாகவே இருக்கிறது. வேலை என்ன ஆகும், கோட்ரஸ் என்ன ஆகும் என்று எதுவும் முடிவாகவில்லை. சில ராத்திரி அவர் தூக்கத்தில் வலது கை கயிற்றைத் தேடுகிறது. நான் என் கையைக் கொடுக்கிறேன்.

போகிறவர்களுக்கு: வார நாளில் அறை விலை குறைவு. ரன்வே பக்கம், ஆறாவது மாடிக்கு மேல் என்று முன்பே கேட்டு வாங்குங்கள். படம் எடுப்பவர்களுக்கு மாலை மூன்று முதல் ஐந்து வரை நல்ல வெளிச்சம். சத்தத்தோடு வேண்டும் என்றால் கொளப்பாக்கம் போதும், ஒரு டீ பதினைந்து ரூபாய்.

இன்னொன்று. நாற்பது தாண்டியவர் யார் உங்களோடு வந்தாலும், ஜன்னலோரம் உட்காரவைத்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். "தெரியுதா?" என்று கேட்காதீர்கள். தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். "என்ன தெரியுது?" என்று கேளுங்கள்.