தொங்கோட்டம்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சவாரிக் குதிரை நடத்துகிற எங்களுக்குக் குதிரையின் வேகம் மூன்று. நடை, தொங்கோட்டம், பாய்ச்சல். பாய்ச்சலை விட்டுவிடலாம். அந்த ரோட்டில் பாய்ச்சல் விட்டால் போலீஸ் வரும்.

தொங்கோட்டம் நடையிலும் சேராது, ஓட்டத்திலும் சேராது. குதிரை ஒரு முன்னங்காலையும் எதிர்ப்பக்கத்துப் பின்னங்காலையும் சேர்த்து எடுத்து வைக்கும். மேலே இருப்பவருக்கு வயிறு குலுங்கும், சிரிப்பு வரும். எங்கள் வீட்டில் மனுஷருக்கும் இந்தச் சொல்தான். பாதி இட்லியை வாயில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடும் மகளைப் பார்த்து, "ஒங்க மகளுக்கு விடிஞ்சா தொங்கோட்டந்தான்" என்பாள் என் மனைவி.

குதிரை தொங்கோட்டம் போனால் கடிவாள வாரைப் பிடித்திருக்கிறவனும் பக்கத்திலேயே தொங்கோட்டம் போக வேண்டும். அதை யாரும் கவனிப்பதில்லை. பல வருஷம் நானும் கவனிக்கவில்லை.

ஒரு தை மாதம் ஐம்பது அடி ஓடுவதற்குள் நெஞ்சை அடைத்தது. நின்றால் சரியாகிவிடும். அந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகாமல், சவாரி நன்றாக ஓடுகிறதென்று இங்கேயே இருந்துவிட்டேன். முருகன் கோபித்துக்கொண்டான், அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன். காலையில் நெஞ்சு நிறைய விபூதி பூசிக்கொண்டு, அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு வேலைக்குப் போவேன். வீட்டில் சொல்லவில்லை.

ஒரு இடத்தில் உட்கார முடியாது, நிற்கவும் முடியாது. எப்போது அடைக்குமோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். வயசானவர்களையும் படம் எடுத்துக்கொள்ள வருகிற புது ஜோடிகளையும் பார்த்து ஏற்றுவேன். பிள்ளைகள் வேகமாகப் போகச் சொன்னால், குதிரைக்குக் கால் வலி என்று வாய் கூசாமல் பொய் சொல்வேன். அந்த வாயில்லா ஜீவன் மேல் பழி போட்டேனே என்று சாமி கும்பிடும்போது மனசு உறுத்தும்.

"என்ன மாமா, ஒங்க குதிரை பழனிக்கு மாலை போட்டிருக்கா? நடையாவே நடக்கு" என்றான், எங்களோடு குதிரை வைத்திருக்கும் சின்ன வயசுக்காரன் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மே மாதத்தில் ஒரு நாள் பத்து வயதுப் பெண் ஒருத்தி ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும் கூடவே நடந்து வந்த அவள் அப்பா, "இவ்வளவுதானா வேகம்? இதுக்கு நானே தூக்கிட்டுப் போயிருப்பேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாக்கைச் சொடுக்கினேன். குதிரை தொங்கோட்டம் எடுத்தது. நானும் ஓடினேன். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் நெஞ்சு அடைத்து, கை மரத்து, வார் நழுவிவிட்டது.

குதிரை பிள்ளையோடு போய்க்கொண்டே இருந்தது. நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கத்த வேண்டும், குரல் வரவில்லை. உதடுதான் முருகா, முருகா என்றது. வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் ஹார்ன் கேட்டது. என்னைக் கேலி செய்த அதே பையன்தான் எதிரே வந்து கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தினான்.

பிள்ளை சிரித்துக்கொண்டே, "இன்னொரு ரவுண்ட்!" என்றாள். அவள் அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஒங்களுக்கு என்னங்க பண்ணுது?" என்றார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

"மாமா, அத்தைக்குத் தெரியுமா?" என்றான் அந்தப் பையன். இல்லையென்று தலையாட்டினேன். "இன்னைக்கு நீங்க சொல்றீகளா, நான் வந்து சொல்லவா?"

மனைவியிடம் நானே சொன்னேன். அவள் அழவில்லை. "நாலு மாசமா முருகன்கிட்ட சொல்லியிருக்கீக. அந்தாளு வந்து எங்கிட்டச் சொல்லுவாருன்னு இருந்தீகளாக்கும்?" என்றாள். மறுநாள் வெள்ளனே ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

டாக்டரம்மா சின்ன வயசு, வெளியூர். எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று கேட்டார்.

"எம்புட்டு வேணாலும் நடப்பேம்மா. தொங்கோட்டந்தான் முடியல."

"அப்படின்னா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து, வாரைப் பிடிப்பது போலக் கையை வைத்துக்கொண்டு மேஜைக்கும் கட்டிலுக்கும் நடுவே நாலு அடி போய்க் காட்டினேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒக்காருங்க! காட்டுறேன்னு இங்கனயே போய்ச் சேந்துறாதீக."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, "இதயத்துக்கு ரத்தம் போற குழாய்ல அடைப்பு இருக்கலாம். இனிமே நடை மட்டும் போதும். அந்தத் தொங்கோட்டம் வேண்டாம்" என்றார். அது முருகன் கோபம் இல்லையாம்மா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

மதுரையில் சிகிச்சை முடிந்து மறுபடி ஏரிக்கு வந்தேன். இப்போது வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "நடை மட்டுந்தாங்க. என்னால ஓட முடியாது." பாதிப்பேர் அடுத்த குதிரைக்குப் போய்விடுகிறார்கள். அவை தடக்தடக்கென்று எங்களைத் தாண்டிப் போகும்போது என் குதிரை காதை விறைத்துக்கொண்டு வாரை இழுக்கிறது. இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். அதன் கழுத்து துடிப்பது கையில் தெரிகிறது. என் காலும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.