பேச்சியம்மாள் திருத்திய வரலாறு

இந்த ஊரில் பாலுக்கும் பெயர் உண்டு. அலுவலக ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஒவ்வொரு பால் டப்பாவின் மேலும் கறுப்பு மையில் ஒரு பெயர் எழுதியிருக்கும். ஸ்டெஃபி, யான், ஊவே. வந்த புதிதில் தெரியாமல் ஊவேயின் பாலை என் காப்பியில் ஊற்றிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் என் மேசைமேல் ஒரு மார்க்கர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தபடி போனார். அன்பளிப்பு என்று நினைத்து நன்றி சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். என் பாலில் என் பெயரை எழுதத்தான் அது என்று விளங்க ஒரு வாரமாயிற்று. ஜெர்மனியின் இந்த லைப்சிக் நகரில் அடுக்குமாடிகளில் வீட்டுக்கு எண் கிடையாது. அழைப்புமணிக்குப் பக்கத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால் தபால்காரர் பேசாமல் திரும்பிப் போய்விடுவார்.

நான் பார்க்கும் மென்பொருள் வேலையிலும் இதே கதைதான். எங்கள் நிரல் முழுவதும் இணையத்தில் ஒரு களஞ்சியத்தில் இருக்கிறது. கிட் என்ற கருவி, யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளும். பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் திரும்பலாம். பலர் ஒரே நேரத்தில் எழுதியதை ஒன்றாகச் சேர்க்கலாம். எந்த வரிமேல் சுட்டியை வைத்தாலும் எழுதியவர் பெயர் சாம்பல் நிறத்தில் தெரியும். அதைக் காட்டும் கட்டளைக்குப் பழி என்றே இவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். என் வரிகளுக்குப் பக்கத்தில் உலகம்மாள் என்று வருவதை முதல் வாரம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். தென்காசியில் ஐந்து வருடம் வேலை பார்த்தேனே, அங்கே நான் எழுதிய ஒரு வரியிலும் என் பெயர் கிடையாது.

தென்காசி ரதவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். நான், பேச்சியம்மாள், கோமதி என்று மூன்று பெண்கள், மூன்று கம்ப்யூட்டர். முதலாளி சண்முகவேல் அண்ணாச்சிக்குக் குற்றாலத்தில் இரண்டு லாட்ஜ் உண்டு. சீசனில் அறைகளைப் பதிவு செய்ய அவருக்காக ஆரம்பித்த மென்பொருளைப் பிறகு மற்ற லாட்ஜ்காரர்களுக்கும் விற்றார். வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன வேலையாகத் தோன்றலாம். ஒரு குடும்பம் என்று அறை பதிவு செய்துவிட்டு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்குவார்கள். கூடுதல் பாய் கணக்கு வேண்டும். சாரல் அடித்தால் வாடகை ஏறும், வெயில் அடித்தால் இறங்கும். பேரருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை என்று போலீஸ் கயிறு கட்டினால், பாதிப்பேர் அறையே வேண்டாம் என்பார்கள், மீதிப்பேர் தடை எப்போது நீங்கும் என்று லாட்ஜ் வரவேற்பறையில் துண்டோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த வெள்ளப் பகுதியை எழுதியவள் பேச்சி. அதைவிட நல்ல நிரலை நான் ஜெர்மனியிலும் பார்க்கவில்லை.

முதலில் எங்களிடம் கிட் எல்லாம் கிடையாது. பென் டிரைவில் நகல் எடுத்து எடுத்து வைப்போம். ‘பைனல்’, ‘பைனல் புதுசு’, ‘பேச்சி பைனல் தொடாதே’ என்று போல்டர்கள் கிடக்கும். நல்ல சீசனில் ஒருநாள் கோமதி பழையதைப் புதியதன்மேல் ஏற்றிவிட்டாள். ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜில் ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் சாவி கேட்டு நின்றது. அண்ணாச்சியின் சட்டையைப் பிடிக்காத குறைதான். அதற்குப் பிறகுதான் பேச்சி எங்கெங்கோ படித்துவிட்டு வந்து, இனி இணையக் களஞ்சியம்தான் என்று பிடிவாதம் பிடித்தாள். யாரும் பார்க்கும்படி திறந்து வைத்தால் காசு இல்லை என்றதும் அண்ணாச்சிக்கும் சம்மதம்.

கிட்டைத் தொடங்கும்போது அது கேட்கிற முதல் விஷயம் உங்கள் பெயர். பேச்சி தன் பெயரைத் தட்டப் போனாள். பின்னால் நின்ற அண்ணாச்சி அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“தம்பி பேரப் போடு தாயி.”

தம்பி என்றால் அவருடைய மகன் முத்துக்குமார். அப்போது திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். லாட்ஜ், வேன், கரண்ட் இணைப்பு எல்லாமே அவன் பெயரில்தான் இருந்தன.

“அண்ணாச்சி, இதுல எழுதுதவங்க பேரத்தான் போடணும். ஆளுக்கொரு பேரு” என்றாள் பேச்சி.

“ஆளுக்கொரு பேரா? வீட்டப் பாகம் பிரிச்ச மாதிரி ஆயிரும்லா? ஒத்தப் பேரா இருக்கட்டும். வேலை உங்க வேலதான், யாரு இல்லைங்கா?”

எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. பெயர் பிரிந்தால் சொத்து பிரியும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாங்களும். மூன்று கம்ப்யூட்டரிலும் முத்துக்குமார் என்று தட்டினோம். கடவுச்சொல்லைச் சுவர்க் காலண்டரில் எழுதி வைத்தோம். “ஏ முத்துக்குமாரு, டீ வந்திருக்குட்டி” என்று ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் இங்கே வந்து, புரோபெட்சைட் என்கிற தகுதிகாண் காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, எங்கள் குழுவுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்றார் ஸ்டெஃபி. அவர்தான் எங்கள் குழுத்தலைவி. தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லச் சொன்னார். வாயைத் திறந்தால் பேச்சி பெயர்தான் வந்தது. புருஷன் தன்னை வேண்டாம் என்று விட்டுப் போனபின் அவள் வடகரையில் அண்ணன் வீட்டில் இருந்தாள். “தங்க வந்திருக்கா, எப்பப் போவான்னு தெரியல” என்று அண்ணிக்காரி இவள் காதுபடவே தெருவில் சொல்வாளாம். லாட்ஜ்காரர்கள் பெரிய செயலிகளுக்கு மாறிவிட்டதால், இந்தச் சீசனோடு மாடியைப் பூட்டப்போவதாக அண்ணாச்சியும் சொல்லிவிட்டார். “எனக்கு வேற போக்கு இல்லட்டி. இது கிடைச்சா தப்பிச்சேன்” என்றாள் பேச்சி. அவள் குரலில் கெஞ்சலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அவள் அனுப்பிய களஞ்சிய முகவரியை ஸ்டெஃபி திறந்து பார்த்தார். தன் கணினியில் ஒரு நகலும் இறக்கிக்கொண்டார். மறுநாள் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார்.

“மிக நல்ல வேலை. ஆனால் இது முத்துக்குமார் என்பவருடையது. அவரை நேர்காணலுக்குக் கூப்பிடலாமா?”

“அவன் ஒரு வரிகூட எழுதவில்லை. அப்போது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான்.”

“பள்ளியில் படிக்கும்போதேவா இப்படி எழுதினார்?” என்று கண்களை விரித்தார்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று பேரும் ஒரே பெயரில் எழுதிய கதையை முதலிலிருந்து சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் மலர்ச்சி வடிந்தது.

“ஏன் உங்கள் பெயரைப் போடவில்லை?”

“அண்ணாச்சி வேண்டாம் என்றார்.”

“உங்கள் அண்ணனா?”

“இல்லை. முதலாளி.”

“முதலாளி கேட்டால் பெயரையும் கொடுத்துவிடுவீர்களா?” என்றார். கேலியில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் இன்னும் வலித்தது. பேச்சிதான் எழுதினாள் என்று முதலாளி எழுதித் தந்தால் யோசிக்கலாம் என்று முடித்துவிட்டார்.

அன்றே அண்ணாச்சிக்கு வீடியோவில் கூப்பிட்டேன். பழைய குற்றாலத்தில் குளிக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார். தலையில் வைத்த எண்ணெய் நெற்றியில் வழிந்தது. பின்னால் அருவி இரைந்தது.

“உலகம்மா, நல்லா இருக்கியா தாயி? அங்கன குளிராமே?”

விஷயத்தைச் சொன்னேன்.

“பேச்சி எழுதினதுதான். நான் இல்லைங்கேனா? ஆனா அதக் காட்டித்தான தம்பிக்கிக் கனடாவுல காலேஜில எடம் வாங்கிருக்கோம். அவன் எழுதலன்னு இப்பப் போயி நான் எழுதிக் குடுத்தா எம்புள்ள என்ன ஆவான்? நீயே சொல்லு.” துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அவளுக்கு வேற என்ன வேணும்னாலும் செய்யுதேன். அவ கல்யாணத்துக்கு நாந்தானம்மா முன்னால நின்னேன்.”

அந்தக் கல்யாணம் என்ன ஆனது என்று அவருக்கும் தெரியும். கெட்ட மனிதரில்லை. கெட்ட மனிதராக இருந்தால் திட்டிவிட்டாவது ஆறியிருப்பேன்.

பேச்சியிடம் சொன்னேன். “சரிட்டி, நான் பாத்துக்கிடுதேன்” என்று வைத்துவிட்டாள்.

கிட்டில் பழைய வரலாற்றையே திருத்த ஒரு வழி இருக்கிறது. முதல் பதிவிலிருந்து பெயர்களை மாற்றி, புதிய வரலாற்றைப் பழையதன்மேல் பலவந்தமாக ஏற்றிவிடலாம். பேச்சி ஞாயிற்றுக்கிழமை மாடியைத் திறந்து தனியாக உட்கார்ந்து அதைச் செய்தாள். எல்லாவற்றையும் தன் பெயரில் போட்டிருக்கலாம், கேட்பார் இல்லை. அவள் அப்படிச் செய்யவில்லை. வரியைப் பார்த்தே யார் கை என்று அவளுக்குத் தெரியும். கோமதி எழுதியதைக் கோமதிக்கும், நான் எழுதியதை எனக்கும், தன்னுடையதை மட்டும் தனக்கும் பிரித்துப் போட்டாள். திங்கள்கிழமை காலை நான் அதைப் பார்த்தேன். உடனே என் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டேன்.

மதியம் ஸ்டெஃபி என்னைச் சிறிய அறைக்கு அழைத்தார். பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவரும் இருந்தார். திரையில் இரண்டு நகல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

“போன வாரம் ஒரு பெயர். இன்றைக்கு மூன்று பெயர். அதில் ஒன்று உங்களுடையது. நீங்கள் செய்யச் சொன்னீர்களா?” என்று கேட்டார் அந்தப் பாதுகாப்புக்காரர்.

“இல்லை. ஆனால் இதுதான் உண்மை.”

“உண்மையாக இருக்கலாம் உலா” என்றார் ஸ்டெஃபி. என் முழுப்பெயர் அவர்கள் வாயில் நுழையாது. “பொய் என்று நீங்கள் சொல்லும் வரலாற்றில் யாரும் கைவைக்கவில்லை. உண்மை என்று சொல்லும் வரலாறு நேற்றுத் திருத்தப்பட்டிருக்கிறது. நாங்கள் எதை நம்புவது?”

பேச்சியை வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். பதிவுகளில் மோசடி என்பது காரணம். இங்கே வந்தபின் நான் எழுதியதெல்லாம் என் பெயரில் இருப்பதால் என்னை நம்பலாமாம். தகுதிகாண் காலம் முடிந்து வேலையில் நிரந்தரமாக்கினார்கள். கேக் வெட்டினோம். ஊவே கைகுலுக்கினார். பேச்சியின் எலும்பை மெல்லுவது போலிருந்தது அந்தக் கேக்.

கனடாவிலிருந்த முத்துக்குமாரின் மடிக்கணினியில், காலேஜுக்குக் காட்ட இறக்கி வைத்த பழைய வரலாறு பத்திரமாக இருந்தது. திங்கள்கிழமை மாடிக்கு வந்து பெயர்களைப் பார்த்த அண்ணாச்சி போன் செய்ததும் அவன் அதையே திரும்ப ஏற்றிவிட்டான். மூன்று பெயரும் ஒரே நாளில் போயின. அண்ணாச்சி கத்தவில்லை. “கைய வச்சிட்டியே தாயி” என்று மட்டும் சொல்லி, சீசன் முடியும் முன்பே பேச்சியைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். அவள் அண்ணனிடமும் வருத்தத்தோடு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். இப்போது வடகரையில் அண்ணிக்காரிக்குத் தெருவில் சொல்லப் புதிதாக ஒன்று கிடைத்துவிட்டது. ஆபீசில் களவாண்டுவிட்டு வந்து இருக்கிறாளாம்.

என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமலே அவளைக் கூப்பிட்டேன். தேற்ற அவள் விடவில்லை.

“அத விடு. உம் பேரு சரியா வந்துச்சாட்டி? ஒரு நாளுதான் இருந்துச்சு. நீ பாத்தியா?”

“பார்த்தேன்” என்றேன்.

“அது போதும்” என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என் அழைப்பை அவள் எடுப்பதில்லை.

போன வாரம் அந்தத் திங்கள்கிழமை நகலைத் திறந்து, தென்காசியில் இப்போது இருக்கும் களஞ்சியத்தோடு சேர்க்கப் பார்த்தேன். எதற்கென்று கேட்டால் தெரியாது. அதே அருவி, அதே பாய்க்கணக்கு, எழுத்துக்கு எழுத்து அதே வரிகள். பெயர்கள் மட்டும்தான் வேறு. கிட் ஒரே வரியில் மறுத்துவிட்டது. இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வரலாறுகள், சேர்க்க முடியாது என்றது. ஒன்றில் நான் உலகம்மாள். அதை இங்கே மோசடி என்கிறார்கள். இன்னொன்றில் நான் முத்துக்குமார். அதைத்தான் உலகம் முழுக்க யாரும் திறந்து பார்க்கலாம்.