தலைக்கு மேல் ஒரு கம்பி

கார் பந்தயம் என்றால் எனக்குப் பித்து. ஆனால் கூரையில்லாத அந்தக் கார்களில் ஓட்டுநரின் தலைக்கு மேல் பாதுகாப்புக்காக வளைவாக ஒரு கம்பியைப் பொருத்திய நாளிலிருந்து கோபம்தான். தலையைக் காற்றுக்குக் கொடுத்து ஓட்டுவதுதானே காலங்காலமாக இந்தப் பந்தயத்தின் அழகு?

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, சேரன்மகாதேவி ஆற்றங்கரையில் நானும் என் மனைவி செல்வியும் உட்கார்ந்திருந்தோம். அவள் கால்களைத் தண்ணீரில் விட்டிருந்தாள். நான் செல்போனில் பந்தயம் பார்த்தபடி வழக்கம்போலப் புலம்பினேன்.

"ஏட்டி, இந்தக் கம்பி மறைக்கதுல ஓட்டுதவன் ஆளே தெரிய மாட்டேங்கான்."

அப்போதுதான் ஒரு கார் இன்னொன்றின் மேல் ஏறிக் கவிழ்ந்தது. தலைகீழாக, தீப்பொறி பறக்க, வழுக்கிக்கொண்டே போனது. போனில் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்ததால் ஆற்றின் சலசலப்பு மட்டும்தான் கேட்டது. கார் தாமிரபரணித் தண்ணீரில் மிதந்து போவதுபோலத் தோன்றியது. அது நின்ற பிறகும் யாரும் வெளியே வரவில்லை. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு காருக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. அவன் தவழ்ந்து வெளியேறி, எழுந்து நின்று, ஹெல்மெட்டைக் கழற்றினான். சின்ன வயசு. வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. கவிழ்ந்த காரின் எடையை அந்தக் கம்பிதான் தாங்கியிருந்தது.

செல்வி என் கையை விடாமல் பைய சொன்னாள்: "ஆளே தெரியலன்னு பொலம்புவீங்களே. இப்ப நல்லாத் தெரியுதான், பாருங்க."

இன்றைக்கும் அந்தக் கம்பி எனக்கு அழகாகத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு பந்தயத்திலும் வண்டிகள் கிளம்புமுன் என் கண் முதலில் தேடுவது அதைத்தான்.