ஒரு ரவிக்கைக்கு ஒரு கோழி

என் வேலைக்குக் கூலி எவ்வளவு என்று யாராவது கேட்டால் எனக்கு ஏன் வாய் அடைத்துப்போகிறது? இன்னும் பதில் தெரியவில்லை.

மொரீஷியஸில் எங்களோடு இருந்த சித்தி துணி தைத்தாள். "கொம்யே?" என்று விலை கேட்பவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான்: "உங்க இஷ்டம்." அதுதான் பெருந்தன்மை என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

ஒரு காவடித் திருவிழாவுக்கு முன், கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு ரோஜா நிற ரவிக்கை ஒன்று தைத்துக் கொடுத்தாள். அந்த அக்கா முட்டையிடும் கோழியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் கட்டிவிட்டுப் போனாள். அதே வாரம் கடைக்கார மதாமுக்கு மூன்று கவுன்கள். அவள் கொடுத்தது பாதி காலியான பிஸ்கட் டப்பா. எனக்கு இரண்டுமே சந்தோஷம்.

சில நாள் கழித்து அந்த அக்கா கடையில் கடனுக்கு முட்டை கேட்பதைச் சித்தி பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கோழியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

அக்காவின் முகம் சிவந்தது. "என் கோழி உனக்குப் போதலையா, தங்கச்சி?"

"ஐயோ, ரொம்ப அதிகம், அக்கா."

"அப்போ எவ்வளவுன்னு சொல்லு. நீ சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்?"

சித்தி கோழியை இடுக்கிக்கொண்டாள். பிறகு, ஏதோ தப்பு செய்தவள் போல, "ரெண்டு ரூபாய்" என்றாள்.

அக்கா உள்ளே போய்ப் பணத்தோடு வந்தாள். "இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா? குறைச்சுக் கொடுத்துட்டோமோன்னு தினமும் உன் வாசலைத் தாண்டவே கூச்சமா இருந்துச்சு." கோழியை வாங்கிக்கொண்டு போய்க் கூண்டில் விட்டாள்.

இனி எல்லோரிடமும் சித்தி விலை சொல்வாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் மதாம் புதுத் துணியோடு வந்து, "கொம்யே?" என்றாள். சித்தி வாயைத் திறந்தாள், மூடினாள். "உங்க இஷ்டம், மதாம்."

மறுபடியும் பிஸ்கட் வந்தது. நானே முழுவதையும் தின்றேன். சித்தி ஏன் ஒன்றைக்கூடத் தொடவில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இப்போது நானும் வீட்டில் தைக்கிறேன். குழந்தைக்குப் பால் மாவு வாங்க வேண்டும். நேற்று ஒருத்தி விலை கேட்டாள். என்ன சொன்னேன் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். சனிக்கிழமை தைத்த துணியை வாங்கிப் போக வருகிறாள். இல்லாதவளா, இருப்பவளா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் நான் என்ன சொல்லட்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.