கோதண்டராமன் போட்ட பழைய செய்தி

நான் கவனித்துக்கொள்ளும் நோயாளியின் படுக்கை விரிப்பைத் தேய்த்தபடியே கோதண்டராமன் போனில் ஒரு செய்தி ஆப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இஸ்திரி கடை வைத்திருக்கும் அவர்தான் எங்கள் தெருவுக்கு ஊர் நடப்பைச் சொல்பவர். 'செயலி' என்னாமல் 'ஆப்' என்கிறாரே என்று யாராவது குறை சொன்னால் விடமாட்டார்.

"ஜன்னல், சாவி, இஸ்திரி எல்லாமே போர்ச்சுகீசியர் கப்பல்ல வந்த சொல்லுதாங்க. ஆப் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அன்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒரு செய்தி போட்டிருந்தார். நாளைப் பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் கடை போடத் தடையாம். நான் படித்துப் பார்த்தேன்.

"இது போன வருஷத்துதுங்க. கீழ தேதி இருக்கு பாருங்க."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "தங்கச்சிக்கும் அனுப்பிட்டேனேம்மா. இத நம்பிக் கடலை ஊறப்போடாம இருந்துடும்."

தங்கை பச்சையம்மாள் கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் சுண்டல் விற்கிறாள். பௌர்ணமி வியாபாரம்தான் அவளுக்கு மாதத்தை ஓட்டுகிறது. கூப்பிட்டார்; அவள் போன் அணைந்திருந்தது. உடனே குழுவில் தன் குரலிலேயே சொன்னார்: "நான் போட்டது பழசு. தப்பு என்னுது."

வேறு யாராவது என்றால் சத்தமில்லாமல் அழித்திருப்பார்கள். தவறை உடனே சொல்பவரை நம்பித்தான் நான் நோயாளியை ஒப்படைத்துவிட்டு வெளியே போவேன். இவரை நம்பி விடலாம்.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் முதல் பஸ்ஸில் அடி அண்ணாமலைக்குப் போனார். "தடைன்னியேண்ணா" என்ற தங்கையிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, சாயங்கால வியாபாரத்துக்குள் சீக்கிரம் ஊறட்டும் என்று அவரே வெந்நீர் வைத்துக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டார்.